தூசிக்கடல் மாலுமி சொன்னது

ஆறாங்கட்டைத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி சிவானந்தத்துக்கு ஆங்கிலம் தெரியும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. எவ்வளவு தெரியும் என்பது மட்டும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஐந்தாம் பாரம் வரை படித்தவர். துரை எழுதி அனுப்பும் சீட்டைப் படித்துவிடுவார், உரம் ஏற்றி வரும் லோரிக்காரனின் தாளைச் சரிபார்ப்பார். யாராவது வேகமாகப் பேசினால் பாதி புரியும். மீதிப் பாதிக்குத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலில் ஒரு நிதானம் இருக்கும் பாருங்கள், இவருக்குப் புரியாதது உலகத்தில் எதுவுமே இல்லை என்று பார்க்கிறவர்கள் நம்பிவிடுவார்கள்.

தோட்டம் பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனிலிருந்து ஆறாவது கட்டையில், அதாவது ஆறாவது மைலில் இருந்தது, அதனால் அந்தப் பெயர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் படவண்டி வரும். பந்துத் திடலின் கோல் கம்பத்தில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவார்கள். பெரும்பாலும் தமிழ்ப் படம்தான். தமிழ்ப் படம் கிடைக்காத மாதத்தில் வண்டிக்காரன் ஆங்கிலப் படப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான். அப்போது மாரியம்மன் கோயிலின் குழாய் ஒலிபெருக்கியைத் திடலுக்குக் கொண்டுவந்து, மைக்கைச் சிவானந்தத்தின் கையில் கொடுத்துவிடுவார்கள். படத்தில் அவர்கள் பேசப் பேச, வண்டிப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து இவர் தமிழில் சொல்லுவார். துணியின் அடியில் மலாய் எழுத்து ஓடத்தான் செய்யும். ஆனால் முன்னால் குந்தியிருக்கும் கூட்டத்தின் தலைகளைத் தாண்டி அது யார் கண்ணுக்கும் எட்டாது. ஆக, ஆறாங்கட்டையில் வெள்ளைக்காரன் பேசியதெல்லாம் சிவானந்தம் பேசியதுதான்.

துணிக்குப் பின்பக்கமும் கூட்டம் இருக்கும். பெண்கள் அங்கேதான் பாய் விரிப்பார்கள். கள்ளுக்கடையிலிருந்து நேராக வருகிறவர்களின் தொல்லை இல்லை. கைப்பிள்ளை தூங்கிவிட்டால் கிடத்த இடமும் உண்டு. படம் மட்டும் இடம் வலம் மாறித் தெரியும். ஆயாக்கொட்டகையில் வேலை செய்யும் நவமணி, சின்ன வயதிலிருந்தே பின்பக்கத்து ஆள். பகலில் தாய்மார்கள் வேலைக்காட்டுக்குப் போனதும் அவர்களுடைய பிள்ளைகளைத் தூளியில் போட்டு ஆட்டுகிறவள், படம் பார்க்கும்போதும் மடியில் யார் பிள்ளையையாவது போட்டுக்கொண்டிருப்பாள். அவள் பார்த்த கதாநாயகர்கள் எல்லாரும் இடது கையால்தான் கத்தி வீசினார்கள்.

இந்த நவமணியைத்தான் சிவானந்தம் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். ஆசை என்றால் ஏதோ போகிற போக்கில் வந்த ஆசை இல்லை. காலையில் ஆபீசுக்குப் போக நேர்வழி இருக்க, ஆயாக்கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போகும் ஆசை. ஆனால் என்ன பிரயோசனம். மைக்கைப் பிடித்தால் நட்சத்திரங்களுக்கே வசனம் சொல்லும் வாய், அவள் எதிரில் போய் நின்றால் "பால் டின் வந்துருச்சா" என்பதற்கு மேல் ஓர் அங்குலம் நகராது.

நடுவில் காளியண்ணன் என்று ஒருவன் இருந்தான். இருந்தான் என்பதைவிட இல்லாமல் இருந்தான் என்று சொல்வதுதான் சரி. எழுபத்தாறாம் வருசம் நவமணிக்குப் பரிசம் போட்டவன். எழுபத்தெட்டில் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை என்று கிளம்பினான். அந்த வேலைக்கு ஃபாரம் எழுதிக் கொடுத்ததே சிவானந்தம்தான். பெட்டியைத் தன் மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டி, பத்தாங் பெர்ஜுந்தாய் பஸ் நிலையம் வரை கொண்டுபோய் விட்டதும் அவர்தான். ஒரு வருசம் கடுதாசி வந்தது. பிறகு நின்றுபோனது. கல்யாணமும் இல்லை, பரிசத்தைத் திருப்பிக் கொடுத்த பேச்சும் இல்லை. நவமணி எதுவும் சொல்லவில்லை. அவள் அண்ணன், லோரி ஓட்டும் அர்ஜுனனும் சொல்லவில்லை. ஒருத்தனை அனுப்பிவைத்துவிட்டு அவன் இடத்தில் தானே போய் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும் என்ற எண்ணம் சிவானந்தத்தின் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தூசிக்கடல் படம் வந்தது.

அதன் ஆங்கிலப் பெயர் தோட்டத்தில் யார் வாயிலும் நுழையவில்லை. நட்சத்திரங்களுக்கு நடுவே தண்ணீருக்குப் பதிலாகத் தூசியால் ஆன ஒரு கடல். அதன்மேல் கப்பல்கள் ஓடும். அதனால் தூசிக்கடல் படம். முதல் பாகம் எண்பதில் வந்தது. முகத்தில் இரும்பைப் போட்டுக்கொண்ட ராஜா ஒருவன் உப்பளத்து ஊர் ஒன்றைக் கொளுத்துகிறான். அந்த நெருப்புக்குள் யாரோ ஒருவர் ஒரு பெண்ணைச் சின்னப் படகில் ஏற்றிக் கரையிலிருந்து தள்ளிவிடுகிறார். தள்ளியது யார் என்று காட்டவில்லை. உறை போட்ட கை ஒன்று மட்டும் தெரியும். அந்தப் பெண்ணைக் கண் தெரியாத மாலுமி ஒருவர் கண்டெடுத்து, கப்பல் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். பெண்ணுக்குப் படத்தில் என்னவோ பெயர். சிவானந்தம் அவளுக்கு மீனா என்று பெயர் வைத்தார், தோட்டம் ஏற்றுக்கொண்டது.

இரண்டாம் பாகம் எண்பத்திரண்டில் வந்தது. திடல் நிரம்பி வழிந்தது. படம் முடியும் தறுவாயில் மாலுமியின் கப்பல் தூசிக்குள் இறங்குகிறது. மீனாவை வேறு படகில் ஏற்றிவிட்டு, மாலுமி அவள் பக்கம் முகத்தைத் திருப்பி, கடைசியாக ஒன்று சொல்லப் போகிறார். ஆறாங்கட்டையே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து யாரோ துணிப் பக்கம் எழுந்து போனவர் படப்பெட்டியின் ஸ்பீக்கர் கம்பியைக் காலால் இழுத்துவிட்டார். படம் ஓடியது, மாலுமியின் வாய் அசைந்தது, சத்தம் மட்டும் இல்லை. கோயில் ஒலிபெருக்கிக்கு வேறு கம்பி. அது கம்பீரமாக இரைந்துகொண்டிருந்தது. நானூறு பேர் சிவானந்தம் பக்கம் திரும்பினார்கள்.

சத்தம் போச்சு, கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். சிவானந்தத்துக்கு அந்த வார்த்தை பழக்கமில்லை. அவர் துணியைப் பார்த்தார். துணிக்கு அந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்திருப்பவர்களின் நினைப்பு வந்தது. மைக் வாயருகே இருந்தது. வாய் தானாகத் திறந்தது.

"உன்னை அனுப்பிவைத்தவர் இன்னும் கரையிலேயேதான் நிற்கிறார், மீனா."

மாலுமி தூசிக்குள் மறைந்தார். கம்பியைத் திரும்பச் செருகினார்கள். அதற்குள் படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கிவிட்டன.

திங்கட்கிழமை விடியலில் பெரட்டு, அதாவது வேலைக்குப் போகுமுன் ஆள் கூப்பிட்டுப் பேர் போடும் கூட்டம். அங்கேயே சண்டை ஆரம்பித்தது. செம்பனைக் குலை வெட்டுகிறவர்களை மேற்பார்க்கும் மண்டோர் இருசப்பன் கையில் குச்சியோடு நின்றுகொண்டு முதல் தீர்ப்பைச் சொன்னார்.

"அது அவ அப்பன்தான். நெருப்புல செத்தான்னு யாரு பார்த்தா? காட்டுனானா? காட்டலல்ல."

"அப்பன்லாம் இல்ல மண்டோரே. இரும்பு ராஜாதான் தள்ளி விட்டான்," என்றான் அர்ஜுனன், லோரிக் கதவில் சாய்ந்தபடி. "அந்தக் கையப் பார்த்தீங்களா? உறை போட்டிருந்துச்சு. ராஜா கையிலயும் உறை இருக்கு."

"உறை போட்டவன்லாம் ராஜான்னா, நம்ம மருந்தடிக்கிற பொம்பளைங்கல்லாம் ராணியாலா?"

பெரட்டுக் களமே சிரித்தது. மருந்தடிக்கிற பெண்கள் தங்கள் உறைகளைத் தூக்கிக் காட்டினார்கள். கடைசியில் எல்லாரும் சிவானந்தத்தைப் பார்த்தார்கள். "கிராணி, நீங்கதான் சொல்லணும். மாலுமி என்னா அர்த்தத்துல சொன்னாரு?"

சிவானந்தம் பெரட்டுப் புத்தகத்தை மூடினார். "மூணாம் பாகத்துல தெரியும்," என்று சொல்லி, வழக்கமான நிதானத்தோடு தலையாட்டினார். உள்ளே அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று அதைச் சொன்ன ஆளுக்கே தெரியாது. வழக்கைத் தொடுத்தவரே அவர். இப்போது அவரையே நீதிபதியாக உட்காரச் சொல்கிறார்கள்.

இரண்டு மாதத்தில் ஆறிப்போகும் என்று நினைத்தார். ஆறவில்லை. மழை பெய்து வேலை நிற்கும் நாளெல்லாம் தூசிக்கடல்தான். இருசப்பன் கட்சி, அர்ஜுனன் கட்சி என்று தோட்டம் இரண்டாகப் பிரிந்தது. மாலுமியே தள்ளிவிட்டிருப்பார், தன்னைத்தான் சொல்கிறார் என்று மூன்றாவது கட்சி ஒன்றும் கிளம்பி, கண் தெரியாதவர் கரைக்கு எப்படி வந்தார் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் கலைந்துபோனது.

நவமணி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஆனால் யாரும் அவளைப்போல் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. விடியலில் பிள்ளைகளை வாங்கிக்கொள்ளப் பெரட்டுக்கு வருவாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. ஒருநாள் இருசப்பனின் வாதத்தை நடுவில் வெட்டினாள்.

"யாரா இருந்தா என்னா மண்டோரே? மாலுமி சொன்னதுல முக்கியம் யாருங்கிறதா? நிக்கிறாருங்கிறதுதான். படகு தூரமா போயிக்கிட்டே இருக்கு. அனுப்பினவருக்கு வாய் இல்லையா? ஒரு கொரல் கொடுத்தா என்னா?"

"படகுல போனவளுக்குக் கேக்காதும்மா, அவ்ளோ தூரம்."

"கேக்கும். கொரல் கொடுத்தா கேக்கும்," என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு போய்விட்டாள். அவள் குரலில் கோபம் இருந்தது.

எல்லாரும் சிரித்தார்கள். சிவானந்தம் சிரிக்கவில்லை. அவருக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. அல்லது விளங்கிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். சிங்கப்பூருக்குப் போனவனை வழியனுப்பிவைத்தவள் நவமணி. கரையில் நிற்கிறவள் அவள்தான். மாலுமியின் வாயால் வந்த வார்த்தையை அவள் தனக்கான வார்த்தையாக எடுத்துக்கொண்டுவிட்டாள். இனி காளியண்ணன் வரும்வரை நிற்பாள். நிற்கச் சொன்னது யார்? மைக்கைப் பிடித்த இந்த மடையன்.

அந்த எண்ணம் வந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பத்து முறை கிளம்பினார். மாலுமி அப்படிச் சொல்லவே இல்லை, நான்தான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்று சொன்னால் போதும். ஆனால் அடுத்த கேள்வி வருமே: அப்படியானால் மாலுமி என்ன சொன்னார்? அதுதான் தெரியாதே. அதைத் தெரிந்துகொண்டு போய்ச் சொல்லலாம் என்று முடிவு செய்தார்.

படவண்டிக்காரனைக் கேட்டார். அவன் கையை விரித்தான். "நாப்பது தோட்டத்துல ஓட்டிட்டேன் கிராணி. ஒரு வார்த்தை காதுல வாங்குனதில்ல. ரீல் அறுந்துறாம பார்ப்பேனா, கதையப் பார்ப்பேனா?" கோலசிலாங்கூர் தியேட்டருக்கு மோட்டார் சைக்கிளில் போய் விசாரித்தார். அந்தப் படம் ஒரு வருசத்துக்கு முன்னாலேயே வந்து போய்விட்டது என்றார்கள். வந்த வழியே திரும்பாமல், ஏனென்று தெரியாமல், ஜெராம் பக்கம் வண்டியை விட்டார். கடலோரத்தில் வண்டியை நிறுத்தி, சேற்றுக்கு அப்பால் மீன் படகுகள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கரை என்றால் என்னவென்று பார்த்துவிடலாம் என்ற எண்ணமோ என்னவோ.

நின்றதில் குழப்பம் கூடியதுதான் மிச்சம். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? காளியண்ணனுக்கு ஃபாரம் எழுதி அனுப்பிவைத்தவரும் தானேதான். பஸ் புறப்பட்ட பிறகும் நிலையத்தில் நின்றவர் தான்தான். அப்படியானால் தன்னைத்தான் சொல்லிக்கொண்டாரா? குற்ற உணர்ச்சியா, ஆசையா? அல்லது உண்மையிலேயே மாலுமி சொன்னது காதில் லேசாக விழுந்து, அதைத்தான் சொன்னாரா? யோசிக்க யோசிக்க, கம்பி கழன்ற நேரம்கூடச் சந்தேகமாகிவிட்டது. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் அவரை ஏற இறங்கப் பார்த்து, யாருக்காவது காத்திருக்கிறாயா என்று மலாயில் கேட்டார். சிவானந்தம் வழக்கம்போலத் தலையாட்டினார்.

இப்படியே மூன்று வருசம் போனது. அவருக்கு முப்பத்தாறு ஆனது, நவமணிக்கு முப்பது. ஆயாக்கொட்டகை வழியாகத்தான் ஆபீசுக்குப் போனார். பால் டின் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

எண்பத்தைந்தில் ஒருநாள் அர்ஜுனன் ஆபீசுக்கு வந்து, லோரித் தாளை நீட்டியபடி சாதாரணமாகச் சொன்னான். "ராசாங்குற ஊருலேர்ந்து தங்கச்சிக்கு ஒரு எடம் வந்திருக்கு கிராணி. ரயில்வேல வேலை. மொதல் சம்சாரம் தவறிட்டாங்க, புள்ள இல்ல. வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு பொண்ணு பார்க்க வர்றாங்க."

சிவானந்தத்தின் கையிலிருந்த பேனா நின்றது. "நவமணி என்னா சொல்லுது?"

"அது எங்க சொல்லுது. தூசிக்கடல் மூணாம் பாகம் கேசட் வந்திருக்காமே, அதப் பார்த்துட்டுச் சொல்றேன்னுச்சு. இதெல்லாம் ஒரு பேச்சா? கிறுக்குப் புடிச்சிருக்கு. ஒங்க மாலுமி பண்ணுன வேலை."

அர்ஜுனன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். சிவானந்தம் கணக்குப் போட்டுப் பார்த்தார். படத்தில் கரையில் நின்றவர் மீனாவிடம் வந்து சேர்ந்தால், நவமணி காளியண்ணனுக்காக இன்னும் நிற்பாள். வராவிட்டால் ராசாவுக்குப் போய்விடுவாள். கரையில் யாருமே இல்லை என்றால், இத்தனை வருசம் பொய்யை வைத்துத் தன்னை நிற்க வைத்தவன் என்று அவர் முகத்தில்கூட விழிக்கமாட்டாள். எந்தப் பக்கம் போனாலும் நவமணி தனக்கு இல்லை. ஓர் ஆங்கிலப் படத்தின் கையில் தன் வாழ்க்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் இந்த உலகத்தில் தான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும் என்று நொந்துகொண்டார்.

படவண்டி அதற்குள் வருவதை நிறுத்தியிருந்தது. காலம் வீடியோவுக்கு மாறிவிட்டது. பத்தாங் பெர்ஜுந்தாயில் கடை வைத்திருந்த கார்த்திகேசு டிவியும் வீடியோப் பெட்டியும் கொடுத்தார். ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்குத் தோட்டத்து மண்டபத்தில், மேசைமேல் பலகைப் பெட்டி வைத்து, அதன்மேல் டிவியை ஏற்றினார்கள். சிவானந்தம் பழக்க தோஷத்தில் மைக்கைத் தேடினார்.

"மைக்கு எதுக்கு கிராணி," என்றார் இருசப்பன். "எழுத்துதான் பளிச்சுன்னு தெரியுதே. நம்ம லீலாவதி படிச்சிச் சொல்லும். நீங்க சும்மா சாஞ்சி உக்காந்து பாருங்க." லீலாவதி அவருடைய மகள், மூன்றாம் பாரம் படிக்கிறவள், மலாய் தண்ணீர்பட்ட பாடு. அவள் டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சிவானந்தம் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். நவமணி சுவரோரம், தூங்கும் பிள்ளை ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிவிக்குப் பின்பக்கம் கிடையாது என்பதால் அவளும் முன்பக்கம் வந்துவிட்டாள்.

மூன்றாம் பாகம் இரண்டாம் பாகத்தின் முடிவோடு தொடங்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. திரை வெளிச்சமானதும் அதே கப்பல், அதே தூசி, அதே மாலுமி. மீனாவின் பக்கம் முகத்தைத் திருப்பினார். இந்த முறை சத்தம் இருந்தது. எழுத்தும் தெரிந்தது. லீலாவதி கணீரென்று தமிழில் சொன்னாள்.

"வழி தெரியலன்னா கப்பல நிறுத்து. தெரிஞ்ச மாதிரி ஓட்டாதே."

யாரோ எழுந்து வீடியோவை நிறுத்தினார்கள். ஒவ்வொரு தலையாகப் பின்வரிசைக்குத் திரும்பியது. சிவானந்தம் நின்றுபோன படத்தையே பார்த்தார். இத்தனை வருசம் தேடிய வார்த்தை இதுதானா? அவரைத் தேடி வந்து முகத்தில் அடித்ததுபோல் இருந்தது. அன்றைக்குத் தனக்கே சொல்லப்பட்ட புத்தியைக் கேட்காமல், அதன் மேலேயே கப்பலை ஓட்டியிருக்கிறார். எழுந்து நின்றார். சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தார்.

"மாத்திப்புட்டான்," என்றார் இருசப்பன்.

"என்னா?"

"பழைய வசனம் இந்தப் பாகத்துக்கு ஒத்துவரல. தூக்கிட்டு வேற போட்டுட்டான்லா. கிராணி அன்னைக்குச் சொன்னத நாம நானூறு பேரு காதால கேட்டோம். கேசட்டுக்காரன் பேச்சயா நம்புறது?"

"அதான் நானும் நெனச்சேன்," என்றான் அர்ஜுனன். மூன்று வருசத்தில் அவன் இருசப்பனோடு ஒத்துப்போனது அதுதான் முதல் முறை. "கரையில நின்ன ஆள் சம்பளம் கூடக் கேட்டிருப்பான். கழட்டி விட்டுட்டான்."

மண்டபம் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. சிவானந்தம் நின்றபடியே எல்லாரையும் பார்த்தார். தன் பொய் தன் உதவி இல்லாமலே எழுந்து நடப்பதைப் பார்த்து அவருக்கு மயக்கமே வந்துவிடும்போல் இருந்தது. தலை தானாக ஆடியது. அவர் உட்கார்ந்துவிட்டார். படம் மறுபடி ஓடியது. நவமணி மட்டும் டிவியைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளையை அதன் தாயிடம் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போனாள்.

படத்தில் மீனா இரும்பு ராஜாவை வென்றாள். கரையைக் காட்டவே இல்லை. தள்ளிவிட்டது யார் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கையைப் பற்றிப் பேச்சே இல்லை. சனங்கள் ஏமாந்துபோய், படம் எடுத்தவனைத் திட்டிக்கொண்டே கலைந்தார்கள்.

சிவானந்தம் படம் முடியும்வரை இருக்கவில்லை. மண்டபத்தை விட்டு இறங்கி ஆயாக்கொட்டகைப் பக்கம் போனார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கொட்டகை மூடியிருந்தது. பின்புறக் கொடியில் காய்ந்த தூளித் துணிகளை நவமணி மடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"நவமணி, ஒன்னு சொல்லணும்," என்றார். "அந்த வசனத்த யாரும் மாத்தல. அன்னைக்குச் சத்தம் போயிருச்சு. நானாத்தான் சொன்னேன்."

"தெரியும்."

"இப்ப தெரிஞ்சிக்கிட்டியா?"

"அன்னைக்கே தெரியும்." ஒரு துணியை உதறி நாலாக மடித்தாள். "நான் துணிக்குப் பின்னாலதான உக்காந்திருந்தேன். எனக்கு முன்னால தலையே கெடையாது. மலாய் எழுத்து திரும்பித் தெரியும், அவ்ளோதான். சின்னதுலேர்ந்து அப்படியே படிச்சிப் பழகிட்டேன். நானும் மூணாம் பாரம் வரைக்கும் போனவதான். வழி தெரியலன்னா நிறுத்துன்னு அவரு சொல்றாரு. நீங்க மைக்கில வேற சொல்றீங்க."

சிவானந்தம் கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் ஏன் நீ... பெரட்டுல அத்தனை பேச்சு பேசுனியே. காளியண்ணனுக்காக நிக்கிறேன்னு இல்ல நான் நெனச்சேன்."

"காளியண்ணனுக்கு அங்கேயே கல்யாணம் ஆயிருச்சு. எண்பத்தொன்னுலயே. அண்ணன் லோரியில கிள்ளான் போனப்ப அவன் கூட்டாளி சொல்லிக் கேட்டுட்டு வந்துச்சு. மானக்கேடுன்னு வெளிய சொல்லல." அவள் மடிப்பதை நிறுத்தினாள். "அவனுக்காக நான் எதுக்கு நிக்கிறேன்?"

சிவானந்தத்தின் தலைக்குள் மூன்று வருசம் தலைகீழாகப் புரண்டது. குரல் கொடுத்தால் கேட்கும் என்று அவள் சொன்னாளே; அனுப்பினவருக்கு வாய் இல்லையா என்று கேட்டாளே. எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும்போல் இருந்தது.

"அத்தனை சனத்துக்கு முன்னால, துணியப் பார்த்து, மைக்கில சொன்னீங்க," என்றாள் நவமணி. "காளியண்ணன அனுப்பிவச்சது நீங்க. எனக்குத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன். அந்த ஞாயித்துக்கெழமை முழுக்க எவ்ளோ சந்தோஷமா இருந்தேன் தெரியுமா? திங்கக்கெழமை வந்தீங்க. பால் டின் வந்துருச்சான்னு கேட்டீங்க."

அவள் கண் நிறைந்துவிட்டது. துடைக்க அவள் எடுத்தது தூளித் துணி. நாலாக மடித்தது மறுபடி பிரிந்துபோனது. ஒரு மனிதன் இவ்வளவு மடையனாக இருக்க முடியும் என்று சிவானந்தத்துக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

"மண்டோரோட நான் எதுக்குச் சண்டை போட்டேன்? ஒங்க காதுல விழட்டும்னுதான். இன்னைக்கும் எந்திரிச்சி நின்னீங்க, சொல்லப் போறீங்கன்னு பார்த்தேன். தலைய ஆட்டிட்டு உக்காந்துட்டீங்க." மூக்கை உறிஞ்சினாள். "இப்ப சொல்லுங்க. கரையில நின்னது யாரு?"

மீனாவின் அப்பன், இரும்பு ராஜா, மாலுமி, காளியண்ணனை அனுப்பிய நவமணி, ஃபாரம் எழுதிய கிராணி. எத்தனையோ பேர் அந்தக் கரையில் வரிசையாக வந்து நின்றார்கள். எதை எடுத்துச் சொன்னாலும் நம்பும்படி சொல்ல அவரால் முடியும். அவர் தலை ஆடவில்லை.

"தெரியல," என்றார். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தச் சொல்லைச் சொன்னார். சொன்ன பிறகு தொண்டை லேசாக இருந்தது. "அன்னைக்கு யார நெனச்சிச் சொன்னேன்னு சத்தியமா எனக்குத் தெரியல நவமணி. மூணு வருசமா யோசிக்கிறேன். இன்னைக்குக் கேட்டா, நான்தான்."

நவமணி பிரிந்த துணியை மறுபடி மடித்தாள். எல்லாத் துணிகளையும் கூடையில் வைத்து, கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"அடுத்த ஞாயிறு ராசாவிலேர்ந்து வர்றாங்க. அண்ணன் இன்னைக்கு அஞ்சு மணிக்கெல்லாம் வூட்ல இருக்கும்," என்றாள். "வந்து இத அதுக்கிட்ட சொல்லுங்க. மைக்கு இல்லாம."

ஐந்து மணிக்கு முன்னாலேயே சிவானந்தம் அர்ஜுனன் இருந்த லயத்து வீட்டுக்குப் போய்விட்டார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஏன் போட்டோம் என்று வழியெல்லாம் வெட்கப்பட்டார். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. இருசப்பனும் வந்திருந்தார். உறை போட்ட அந்தக் கையைக் காட்டாமலே படத்தை முடித்தது எவ்வளவு பெரிய மோசடி என்று இரண்டு பேரும் காப்பியை வைத்துக்கொண்டு வாதாடிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பேச்சு முடியட்டும் என்று சிவானந்தம் படிக்குக் கீழே நின்றார். பிறகு, இருசப்பன் கிளம்பட்டும் என்று நின்றார். அதற்குப் பிறகு எதற்காக நிற்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

அடுப்படியிலிருந்து காப்பிக் கெண்டியோடு வந்த நவமணி வாசல் வழியாக அவரைப் பார்த்தாள். கெண்டியைக் கீழே வைத்தாள்.

"உள்ள வாங்க," என்றாள். "எவ்ளோ நாளைக்கு அங்கேயே நிப்பீங்க?"

வாதம் நின்றது. இரண்டு பேரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். சிவானந்தம் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார்.